கடலோரச் சாலையில் மலாக்காவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் கோயிலில் சந்திப்பவர்களும் மலாக்காப் பயணத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில், ஜொகூரின் மேற்குக் கரையை ஒட்டிக் குடும்பத்தோடு போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

விரைவுச்சாலையில் மூன்று மணி நேரத்தில் மலாக்கா வந்துவிடுமே, எதற்காகக் கடலோரமாகச் சுற்றிப் போகச் சொல்கிறீர்கள்?

வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில், மலாக்காவுக்குப் பிரியும் ஆயர் குரோ வரை சுமார் 240 கிலோமீட்டர் தூரத்துக்குப் பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களும் ஓய்விடங்களும்தான் கண்ணில் படும். அவசரமாகப் போக வேண்டியவர்களுக்கு அது நல்ல சாலை. ஆனால் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை பொந்தியான், பெனுட், ரெங்கிட், பத்து பகாட், மூவார் என்று ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவையும் தொட்டுக்கொண்டு போகிறது. பள்ளிவாசலும் சீனக் கோயிலும் அம்மன் கோயிலும் காப்பிக்கடையும் அடுத்தடுத்து வரும் அந்த ஊர்களைக் கடந்து மலாக்காவுக்குள் நுழைந்தால்தான், அந்தக் கரை முழுவதும் பல இனத்தவர் கலந்து வாழ்ந்து உருவான கரை என்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது.

நிறுத்தங்களைச் சேர்க்காமல் நான்கரை மணி நேரமாவது ஆகும். போகும்போது கடலோரம், திரும்பும்போது விரைவுச்சாலை என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். களைப்போடு திரும்புகிற நாளில் சிறிய சாலை வேண்டாம்.

கடலோரச் சாலை என்றால் வழியெல்லாம் கடல் தெரியுமா?

தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கடலை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் தென்னந்தோப்பும் செம்பனையும் சதுப்புநிலக் காடும் இருக்கின்றன. பொந்தியான் பக்கம் அன்னாசித் தோட்டங்களும் உண்டு. கடலைப் பார்க்க விரும்பினால் பிரதான சாலையிலிருந்து இடப்பக்கம் பிரிந்து போக வேண்டும்.

பொந்தியான் கெச்சில் கடற்கரை மேற்கு நோக்கி இருப்பதால் மாலை வெயில் இறங்குவதைப் பார்க்கலாம். அதற்குத் தெற்கே உள்ள குக்கூப்பில் மீனவர் வீடுகள் கடலுக்குள் கம்பம் நட்டுக் கட்டப்பட்டவை. மூவாருக்குச் சற்று முன்னால் வரும் பாரிட் ஜாவாவில் நீர் வற்றும் நேரத்தில் சேற்றுப் பரப்பு விரியும். அங்கே பெருநாரை இனப் பறவைகள் நின்றுகொண்டிருக்கும். வழியில் இவ்வளவு ஊர்களின் பெயர் ஏன் 'பாரிட்' என்று தொடங்குகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் செய்ய வாய்க்கால் வெட்டிய இடங்களில் எழுந்த குடியிருப்புகள் அவை.

சொந்தக் காரில் போக என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

முதலில் வாகன நுழைவு அனுமதி. சிங்கப்பூரில் பதிவான கார்கள் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் இணையத்தில் பதிந்து, அதற்குரிய மின்னணு வில்லையைக் காரில் ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் வில்லை இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். பதிவு செய்து வில்லை கைக்கு வருவதற்கு நாள் பிடிக்கும். ஆகவே விடுமுறைக்கு முந்திய வாரத்தில் தொடங்குவது காலம் கடந்த செயல். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் தனியே உண்டு.

அடுத்தது, கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம் இருக்கிறதா என்று எல்லாருடையதையும் பாருங்கள். குழந்தைகளின் கடப்பிதழ்தான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. மலேசியச் சாலைக் கட்டணம் செலுத்த உதவும் டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் போட்டுக்கொள்ளுங்கள். கார்க் காப்புறுதி மேற்கு மலேசியாவுக்கும் செல்லுமா, நடுவழியில் கார் நின்றால் இழுவை வண்டிக்கு யாரை அழைப்பது என்ற இரண்டையும் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. என் கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். இருவருக்கும் ஒரே நடைமுறையா?

இல்லை. மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைச் சிங்கப்பூர்க் குடிமக்கள் நிரப்பத் தேவையில்லை. நீங்கள் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாள்களுக்குள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது துறையின் தளம் அன்று. இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற ஏற்பாடு 2023 டிசம்பரில் தொடங்கி 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்திய பயணமாக இருந்தால் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து உங்கள் பெற்றோர் வந்திருந்து அவர்களையும் அழைத்துப் போவதாக இருந்தால், அவர்களுடைய சிங்கப்பூர் வருகை அனுமதி பலமுறை நுழைவதற்கு உரியதா என்பதை முதலில் பாருங்கள். போய்விட்டுத் திரும்ப முடியாமல் எல்லையில் பெரியவர்களை நிற்க வைக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

பெட்ரோலை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாமா?

கூடாது. சிங்கப்பூர்க் கார் எல்லையைக் கடக்கும்போது எரிபொருள் கலனில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமும் விதிக்கலாம். மலேசியாவில் நிரப்ப நேர்ந்தால், மானிய விலையில் விற்கப்படும் ரான் 95 வெளிநாட்டுக் கார்களுக்குத் தடை. ரான் 97 போடுங்கள். அந்த மானியம் அந்நாட்டு மக்களின் வரிப்பணம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசலில் மாட்டாமல் இருக்கலாம்?

கடலோரச் சாலைக்கு உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைவிட 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் பாலமே வசதி. அதைக் கடந்ததும் பொந்தியானுக்குப் பிரியும் வழி அருகிலேயே இருக்கிறது. சனிக்கிழமை என்றால் விடியற்காலை ஐந்து மணிக்குள் சோதனைச்சாவடியில் இருங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலையில் கிளம்புவது இன்னும் நல்லது. சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியில் 2024 மார்ச் முதல் கியூஆர் குறியீட்டைக் காட்டியே காரில் உள்ள அனைவரும் கடக்கலாம். வீட்டிலேயே குடும்பம் முழுவதற்கும் ஒரே குறியீட்டை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடப்பிதழ்களை எடுத்துப் போக மறக்கக் கூடாது.

டிசம்பர் விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பி, நான்கு மணி நேரம் பாலத்தின்மேல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது. காரில் பிஸ்கெட் இருந்தது, ஆனால் கழிவறைக்கு இறங்கிப் போக வழியில்லை. அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து பெரியவர்களோடு போகும்போது நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடிதான் திட்டமிடுகிறேன்.

வழியில் ஓர் ஊரில்தான் நிற்க முடியும் என்றால் எந்த ஊர்?

மூவார். மலாக்காவுக்கு 45 கிலோமீட்டருக்கு முன்னால், மூவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஆற்றோரத்தில் 1930இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் பள்ளிவாசலும், போருக்கு முந்திய கடைவீடுகளும், அவசரமில்லாத நடமாட்டமும் சேர்ந்து ஊருக்கு ஓர் அமைதியைத் தருகின்றன.

மூவாரின் ஓத்தா ஓத்தாவை அங்கேயே நின்று தின்ன வேண்டும். மசாலா சேர்த்து அரைத்த மீனை நீப்பா ஓலைக்கு நடுவே மெல்லியதாக வைத்து, கரி அடுப்பின்மேல் வரிசையாக அடுக்கிச் சுடுவார்கள். சுடுகிறவர் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பச்சை ஓலை பழுப்பாகி, ஓரம் கருகி, எண்ணெய் சொட்டிக் கரி சீறும்போது எடுத்துத் தருவார். ஓலையைப் பிரித்ததும் எழும் மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் கலந்த ஆவி, இங்கே நாம் வாங்கிச் சாப்பிடும் குளிர்ந்த பொட்டலத்தில் ஒருநாளும் கிடைக்காதது. சைவர்கள் மூவார் காப்பியோடு ரொட்டி சாப்பிடலாம். நம் ரொட்டி பிராட்டாவை அங்கே ரொட்டி சானாய் என்று கேட்க வேண்டும்.

அந்தச் சாலையில் கார் ஓட்டுவது பாதுகாப்பானதா?

பகலில் ஓட்டினால் பாதுகாப்பானதுதான். விரைவுச்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். கூட்டரசுச் சாலையில் பொதுவாக 90, ஊர்களுக்குள் அதைவிடவும் குறைவு. பல இடங்களில் எதிரெதிரே ஒவ்வொரு தடம்தான் இருக்கும். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி மெதுவாகப் போனால் பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். சிறுவர்களை ஏற்றிய மோட்டார்சைக்கிள்கள் சாலையோரத்தில் எதிர்த்திசையிலும் வரும். பள்ளி விடும் நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இருட்டிய பிறகு விளக்கில்லாத பகுதிகள் நீளமாக வருவதால், மாலை ஆறு மணிக்குள் மலாக்காவை அடைந்துவிடுமாறு திட்டமிடுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா?

முடியும், ஆனால் வேண்டாம். நாளில் பாதி எல்லையிலும் சாலையிலும் போய்விடும். இரண்டு இரவு தங்குங்கள். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கும். அந்நேரம் தெருவில் கார் போக முடியாது. பழைய நகரில் நடந்து போகும் தூரத்தில், கார் நிறுத்துமிடம் உள்ள விடுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், வந்து சேர்ந்த பிறகு காரைத் தொட வேண்டிய தேவையே அதிகம் இருக்காது.

கடலோர ஊர் என்கிறீர்கள், நான் போனபோது ஊருக்குள் கடலையே காணவில்லையே?

நீங்கள் பார்த்தது சரி. கடலைத் தள்ளிவிட்டார்கள். 1511இல் போர்த்துகீசியர் கைப்பற்றிக் கட்டிய கோட்டையில் இன்று எஞ்சியிருக்கும் சந்தியாகோ வாயிலுக்கு முன்னால் ஒருகாலத்தில் அலையடித்தது. இன்று அந்த வாயிலின் முன் நின்று பார்த்தால் பேரங்காடி தெரிகிறது. அது கடலைத் தூர்த்த நிலத்தில் நிற்கிறது. துன் டான் செங் லோக் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கும் பின்புறம் கடலாகத்தான் இருந்தது.

இப்போது கடலைப் பார்க்க மூன்று இடங்களைச் சொல்வேன். முதலாவது, மலாக்காத் தீவில் 2006இல் திறக்கப்பட்ட மலாக்கா நீரிணைப் பள்ளிவாசல். தூண்கள்மேல் கட்டப்பட்டிருப்பதால் நீர் ஏறும் நேரத்தில் மிதப்பதுபோல் தோன்றும். இரண்டாவது, ஊஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பின் கரை. மூன்றாவது, கிளேபாங் கடற்கரை. மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் பாய் விரித்து உட்காரும் இடம் அது. அங்கே இளநீரைப் பனிக்கூழோடு அடித்துத் தரும் பானத்துக்கு நீண்ட வரிசை நிற்கும்.

பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா?

நகரை ஒட்டிய கரையில் வேண்டாம். நீரிணையின் நீர் கலங்கலானது, அடியில் சேறு. குளிப்பதுதான் நோக்கம் என்றால் இன்னும் வடக்கே தஞ்சோங் பிடாராவுக்குப் போகலாம், அல்லது போர்ட்டிக்சன் வரை பயணத்தை நீட்டிக்கொள்ளலாம்.

அக்கா, நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தமிழர் உணவகங்கள் மலாக்காவின் லிட்டில் இந்தியாப் பகுதியிலேயே இருக்கின்றன, வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சீனர்களின் சைவ உணவகங்களும் உண்டு. அவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் பல. சிக்கல் மற்றக் கடைகளில்தான். 'சாயூர்' என்றால் மலாயில் காய்கறி என்றுதான் பொருள், சைவம் என்று பொருள் இல்லை. கங்குங் கீரையில் இறால் விழுதான பெலாச்சான் போட்டு வதக்குவார்கள், லக்சாவிலும் சம்பாலிலும் அது இருக்கும். "பெலாச்சான் தா மாவு, ஊடாங் தா மாவு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெலாச்சான் வேண்டாம், இறால் வேண்டாம் என்று பொருள். சொன்னால் மதித்துச் செய்து தருகிறார்கள். செண்டோல் எல்லாருக்கும் ஏற்றது. தேங்காய்ப்பால், பாண்டான் இலையின் பச்சை நிறத்தில் மாவு இழைகள், மேலே மலாக்கா வெல்லப் பாகு.

முஸ்லிம் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜோங்கர் தெருப் பகுதியில் பெயர்பெற்ற கோழிச்சோற்று உருண்டைக் கடைகளில் பல ஹலால் அல்ல. வாசலில் உள்ள சான்றிதழைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

மலாக்காச் செட்டிகள் என்கிறார்களே, அவர்கள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களா? தமிழில் பேசலாமா?

நாட்டுக்கோட்டையார் அல்லர். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்காக வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வேரூன்றியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. சமையலிலும் மலாய், பெரானாக்கான் சுவை. ஆனால் வணங்குவது விநாயகரையும் மாரியம்மனையும். பிள்ளை, செட்டி, படையாட்சி என்ற பெயர்கள் இன்றும் அவர்களிடையே வழங்குகின்றன. சிங்கப்பூரிலும் இச்சமூகத்தினர் இருக்கிறார்கள். 2018இல் இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்தியது.

அவர்களுடைய குடியிருப்பு காஜா பெராங் பகுதியில் இருக்கிறது. சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே உண்டு. ஒருமுறை அம்மாவோடு போயிருந்தபோது, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் நெற்றியிலும் திருநீறு இருந்தது. அம்மா தமிழில் பேசினார், அவர் மலாயில் பதில் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்த சந்தை மலாயை வைத்துக்கொண்டு இருவரும் அரை மணி நேரம் போகிப் பண்டிகையைப் பற்றிப் பேசினார்கள். போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் படைக்கும் அந்தச் சடங்கைப் 'பார்ச்சு' என்கிறார்கள். நம் வீட்டில் சோறும் குழம்பும் வைக்கும் இடத்தில் அவர்கள் நாசி லெமாக்கும் சம்பாலும் வைக்கிறார்கள். இலையின் நுனியை எந்தப் பக்கம் வைப்பது என்று இருவரும் தரையில் விரலால் வரைந்து காட்டிக்கொண்டதை இன்னும் நான் மறக்கவில்லை.

ஆகவே தமிழில் பேசலாமா என்ற கேள்விக்குப் பதில்: வணக்கம் சொல்லுங்கள், பிறகு மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள். "தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஐந்நூறு ஆண்டுகளாகத் தெய்வத்தை விடாமல் காத்த மக்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

அவர்கள் வீடுகளையும் விழாக்களையும் படம் எடுக்கலாமா?

முந்திய பதிலில் சொன்ன பார்ச்சு, வீட்டுக்குள் நடக்கும் நினைவுச் சடங்கு. அழைப்பில்லாமல் எட்டிப் பார்ப்பதே தவறு. 'டத்தோ சாச்சார்' எனப்படும் மாரியம்மன் திருவிழா பொதுவிழா, பெரும்பாலும் மே மாத வாக்கில் பத்து நாள் நடக்கும். சாச்சார் என்பது அம்மை நோயைக் குறிக்கும் சொல். அங்கேயும் ஆட்களை நெருங்கி எடுப்பதற்கு முன் கேளுங்கள். அருங்காட்சியக உண்டியலில் இயன்றதைப் போடுங்கள்.

ஒரே தெருவில் கோயிலும் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருக்கிறதாமே, எல்லாவற்றுக்குள்ளும் போகலாமா?

போகலாம், ஒழுங்கோடு. துக்காங் ஈமாஸ் தெருவில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், டச்சுக்காரர் செட்டி சமூகத் தலைவருக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்தது. சில அடி தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் எழுப்பிய கம்போங் கெலிங் பள்ளிவாசல். அதன் கூரை மூன்றடுக்குக் கூம்பு, மினாரா சீனக் கோபுரத்தைப்போல் இருக்கும். இன்னும் சற்று நடந்தால் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் கோயில். முழங்காலையும் தோளையும் மறைக்கும் உடை எல்லா இடத்துக்கும் பொருந்தும். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, தலையை மறைக்கத் துணி எடுத்துப் போங்கள். காலையில் போனால் விநாயகர் சந்நிதியில் மணி அடிக்கும்போதே சீனக் கோயிலின் ஊதுவத்திப் புகை தெருவுக்கு வருவதை உணரலாம்.

'கெலிங்' என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அது நம்மை இழிவுபடுத்தும் சொல் இல்லையா?

இன்றைக்கு யாராவது ஒருவரை அப்படி அழைத்தால் அது இழிவுதான், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்பெயரில் இருப்பது வேறு. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த அச்சொல், பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் கரைகளிலிருந்து வந்த வணிகர்களைக் குறித்தது. பள்ளிவாசலின் பெயர் அந்தக் காலத்துக்கு உரியது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பெயருக்குப் பின்னால் செல்வாக்குள்ள ஒரு சமூகம் இருந்தது என்பதும், பிற்காலத்தில் அது வசைச்சொல்லானது என்பதும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

செல்வாக்குள்ள சமூகம் என்பது நாமே பெருமைக்குச் சொல்லிக்கொள்வதா, சான்று இருக்கிறதா?

இருக்கிறது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்டதாக எழுதியிருக்கிறார். மலாக்காவைப் பிடித்தபின் போர்த்துகீசியர், நைனா சாத்து என்ற இந்து வணிகரைத் தம் ஆட்சியின்கீழ் பெண்டஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தினார்கள். அவர் வேற்றாட்சிக்குத் துணைபோனவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது முன்ஷி அப்துல்லாவின் சான்று. அரபு, தமிழ் வழிவந்த அவர் 1796இல் மலாக்காவில் பிறந்து, பின்னர் சிங்கப்பூரில் ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணிசெய்தவர். கணக்குப் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் உதவும் என்பதால் மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்றும், தம் தந்தையும் தம்மைத் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார் என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படுகிறவர் தமிழ் எழுத்துப் பயின்ற ஊர் இது. தமிழ்ப் பாடத்துக்கு அழும் என் மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

போர்த்துகீசியக் குடியிருப்பில் இருப்பவர்கள் உண்மையிலேயே போர்த்துகீசியர்களா?

போர்த்துகீசியரும் ஆசியரும் கலந்த வழியில் வந்த கத்தோலிக்கர்கள். கிறிஸ்தாங் என்ற கலப்பு மொழி முதியவர்களிடம் இன்னும் வாழ்கிறது. 1930களில் அவர்களுக்காக அமைந்த குடியிருப்பு அது. ஜூன் 29ஆம் தேதி மீனவர்களின் காவலரான புனித பேதுருவின் திருவிழாவில் படகுகளை அலங்கரித்து ஆசீர்வதிப்பார்கள். அந்த வாரம் போவதாக இருந்தால் விடுதியை முன்பே பதியுங்கள். மற்ற நாள்களில் மாலை வேளையில் கரையோரக் கடைகளில் சுட்ட மீனும் டெபால் கறியும் கிடைக்கும். காரம், கடுகு, காடி மூன்றும் தூக்கலான அந்தக் கறி நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது.

சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவை அழைத்துப் போனால் எதையெல்லாம் பார்க்க முடியும்?

புனித பவுல் குன்றுக்குப் படியேற வேண்டும், அதை விட்டுவிடுங்கள். சந்தியாகோ வாயில், டச்சுச் சதுக்கம், 1753இல் கட்டப்பட்ட கிறிஸ்து தேவாலயத்தின் முன்புறம் எல்லாம் தரைமட்டத்தில் இருக்கின்றன. ஜோங்கர் பகுதியின் ஐந்தடி நடைபாதைகள் வீட்டுக்கு வீடு ஏற்ற இறக்கமாக இருப்பதால், காலை ஒன்பது மணிக்கு முன் தெருவிலேயே தள்ளிக்கொண்டு போவது எளிது. கிளேபாங்கில் காரைக் கரைக்கு அருகிலேயே நிறுத்தலாம். அவர் காரில் உட்கார்ந்தபடியே கடல்காற்று வாங்கலாம்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது?

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 48 மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்திருந்தால் 500 வெள்ளி வரையிலும், அதற்குக் குறைவாக என்றால் 100 வெள்ளி வரையிலும் பொருள் சேவை வரி இல்லாமல் பொருள் கொண்டுவரலாம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இச்சலுகை இல்லை. மலேசியாவிலிருந்து வரும்போது மதுபானத்துக்கும் சிகரெட்டுக்கும் தீர்வை விலக்கு கிடையாது. மெல்லும் பசையை (சூயிங் கம்) வாங்கவே வேண்டாம். ஞாயிறு மாலை எல்லையில் நிற்காமல் இருக்க, முன்பு சொன்னபடி நேரத்தைத் திட்டமிட்டு, காலை உணவு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

வாங்க வேண்டியது மலாக்கா வெல்லம். தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி உருளையாக எடுப்பது. கரும்புச் சர்க்கரை கலந்தது கல்லாக இருக்கும். கலப்பில்லாதது நகம் பட்டாலே சற்று அமுங்கும், முகர்ந்தால் புகை மணம் வரும். மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், நம் ஈரக்காற்றில் சீக்கிரம் கசியும். சர்க்கரைப் பொங்கலுக்குப் போடும்போது ஓரத்திலிருந்து கத்தியால் மெல்லச் சீவி எடுத்தால் கட்டியில்லாமல் கரையும்.